தாயுமான கண்டக்டர்

விடிகாலை மூன்றேகாலுக்கு எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து ஒரு பஸ் கிளம்பும். “திருவானைக்கோவில்... மாம்பழச்சாலை... சிந்தாமணி... சத்திரம்...” என்று அப்பா மெல்ல இழுப்பார். மெயின்கார்டுகேட் வருவதற்குள் பாப்பாவின் கண் சொக்கிவிடும். பாலக்கரையில் ஒரு கொட்டாவி. ஜங்ஷன் வரை போய்ச் சேர்ந்த நாள் குறைவு. அப்படியும் தூங்கவில்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி திருவானைக்கோவிலுக்கே வருவார். முப்பத்தொரு வருஷம் திருச்சி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருக்குத் தெரிந்த தாலாட்டு அது ஒன்றுதான்.

எனக்குப் பிரசவம் பார்த்தவர் என் அப்பா. ஆஸ்பத்திரி வேலையை ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள அத்தனையும் அப்பா. இதைப் பால்காரரிடம் சொல்லியாயிற்று, தடுப்பூசி வரிசையில் நின்ற முன்பின் தெரியாத பெண்களிடம் சொல்லியாயிற்று. இப்போது உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் கூடுதலாகத்தான் புகழ்வேன். பிள்ளை பெற்று ஆறு மாதமான உடம்பு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. வளைகாப்பு முடிந்து இரண்டு கையும் கலகலக்க நான் உட்கார்ந்திருக்க, பந்தியில் இதே பேச்சுத்தான். பொம்பளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி அனுப்புவது? பெரியம்மா தஞ்சாவூருக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். அத்தை, அதாவது என் மாமியார், தன் முட்டிவலியையும் மறந்து “இங்கேயே இருக்கட்டும்” என்றார். அப்பா கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்தபடி வந்து, “என் வீட்டுக்கு வரட்டும். நான் பாத்துக்கிறேன்” என்றார். யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

மறுநாளே பெரியகடைவீதி நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பிரசவ மருந்துச் சாமான் வாங்கி வந்துவிட்டார். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம். எனக்கு நாள் நெருங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. “ஒத்திகை பாக்க வேண்டாமா?” என்றார். அம்மா இருந்தவரை தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் எங்கள் வீட்டு லேகியம்தான் போகும். உரலில் இடித்துக் கொடுத்தது, சலித்துக் கொடுத்தது, வெல்லம் நுணுக்கியது எல்லாம் அப்பா. ஆக, கைவேலை தெரியும். அளவும் பக்குவமும் அம்மாவோடு போய்விட்டது. முதல் தடவை பாகு முற்றி, லேகியம் சட்டியிலேயே பாறையாகிவிட்டது. குழவியால் தட்டிப் பார்த்தார். குழவிதான் தெறித்தது. எதிர்வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்து, “நெய் கக்கிக்கிட்டு, கையில ஒட்டாம உருண்டு வரப்ப எறக்கிடணும்ண்ணே” என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் தடவை வந்தது பாருங்கள் ஒரு லேகியம்! காரமும் இனிப்பும் நல்லெண்ணெய் வாசமுமாக, தொண்டையில் இறங்கும்போதே உடம்பு சூடாகும். மருந்து என்ற நினைப்பே இல்லாமல் இரண்டு உருண்டை கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். ஒன்றுக்கு மேல் அப்பா கொடுத்ததில்லை. சில்லறை விஷயத்தில் கண்டக்டர்கள் கறார்.

ஐப்பசியில், மழை கொட்டிய ஒரு ராத்திரி, புத்தூர் பெரியாஸ்பத்திரியில் அவள் பிறந்தாள். 2 கிலோ 800 கிராம். தலை நிறைய முடி. பிறந்த அரைமணிக்குள் செவிலியர் அவளை என் நெஞ்சின்மேல் படுக்க வைத்துச் சீம்பாலைக் குடிக்கப் பழக்கினார். முதல் பால் மஞ்சளாக, ஒட்டும் பதத்தில், சில சொட்டுத்தான் வந்தது. அது போதும், அதுதான் அவளுக்கு முதல் தடுப்பு மருந்து என்றார் அந்த அம்மா. அவர் கை பட்ட இடம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

வெளியே வேறு கச்சேரி. சேனை வைப்பது யார் என்ற பஞ்சாயத்து. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் இனிப்பு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்களே, அதற்குப் பெரியம்மா சர்க்கரைத் தண்ணீரோடும் அத்தை தேனோடும் நின்றார்கள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது, தேன் கூடவே கூடாது என்று செவிலியர் கண்டித்துச் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. அப்பா யோசித்தார். “பாப்பா குடிக்கறது இவ பாலைத்தான? அப்ப இவளுக்கு வச்சுடுங்க” என்றார். அப்படித்தான் முப்பத்திரண்டு வயதில் எனக்குச் சேனை வைத்தார்கள், வாயைத் திற என்று அதட்டி, இரண்டு பக்கமும் நின்று. மகளுக்கு யார் குணம் வரும் என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் அன்றைக்கு நாக்கெல்லாம் தித்திப்பு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, மேலே ‘டிரிப் ஷீட்’ என்று எழுதினார். பால் குடித்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம், ஒன்றுக்கு, இரண்டுக்கு, குறிப்பு. பிறந்த குழந்தை நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும்; முதல் வாரத்துக்குப் பிறகு ஆறு தடவையாவது ஈரம் செய்தால்தான் பால் போதுகிறது என்று அர்த்தம். இதை நான் மறந்து உட்கார்ந்திருக்க, அப்பா ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கணக்கை முடித்து, “இன்னிக்கு ஏழு. வசூல் சுமார்” என்பார். தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வந்ததும் “ரைட், போலாம்!” என்று ஒரு குரல். குறிப்புக் கட்டத்தில் அவர் எழுதியவற்றைப் படித்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ‘காரணமின்றிச் சிரித்தாள்.’ ‘2.40, தாத்தாவை முறைத்தாள்.’ ‘வண்டி சத்திரத்தில் பிரேக்டவுன், மீண்டும் அழுகை.’ தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மா அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, “யாரு இது எழுதினது?” என்றார். அப்பா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார், செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி.

முப்பத்தொரு வருஷமும் முதல் டிரிப்புக்குப் போனவருக்கு மூன்று மணிக்கு மேல் தூக்கம் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு அந்த விழிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்து தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது அந்த நேரத்துக்கு ஒரு வேலை வந்துவிட்டது. மூன்று மணிக்குப் பால் கொடுத்து அவர் கையில் கொடுத்தால் ஆறு மணி வரை நான் தூங்கலாம். மூன்று மணி நேரத் தூக்கம்! பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள், அது எத்தனை பவுன் என்று சொல்வார்கள்.

எல்லாம் இப்படியே சிரிப்பும் கூத்துமாகப் போனதென்று நினைக்க வேண்டாம். நாலாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிவிட்டது. பாப்பாவுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. எனக்குக் கொடுக்கத் தெரியவில்லை. அவள் அழ, நான் அழ. இது மாதிரி நேரத்துக்குத்தான் அம்மா வேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டு வெந்நீரும் துணியும் நீட்டினார்; “சூடு இருக்காம்மா, இன்னும் கொண்டாரட்டுமா” என்று மட்டும். அரைமணியில் எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிவந்து உள்ளே விட்டார். அதற்குள் நகர்ப்புற சுகாதார நிலையச் செவிலியருக்கும் போன் போட்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். வந்து உட்கார்ந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பாப்பாவின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, கரும்பகுதி முழுக்க வாய்க்குள் போகிற மாதிரி பிடிக்க வைத்தார். ஒரு நிமிஷம்தான். மடமடவென்று முழுங்கும் சத்தம் கேட்டது. கோயில் மணிச் சத்தம்கூட அப்படி இனித்ததில்லை எனக்கு.

ஆனாலும் ஒன்பதாம் நாள் சாயங்காலம் காரணமே இல்லாமல் அழுதேன். பிறந்த பிள்ளை பக்கத்தில் கிடக்க, என்ன குறை என்று எனக்கே தெரியவில்லை. அப்பா வந்து ‘அழாதே’ என்று சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தார். ஒரு கட்டு முழுக்க ஆய்ந்து முடித்த பிறகு, “உன்னைப் பெத்தப்ப உங்கம்மாவும் இப்பிடித்தான் அழுதா. நான் என்னமோ ஏதோன்னு பயந்து டூட்டிக்குப் போயிட்டேன்” என்றார். பிறகு, “அன்னிக்கு இருந்திருக்கணும்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. கீரை பொரியல் அன்றைக்கு உப்பு ஜாஸ்தி. இரண்டு தடவை போட்டிருக்கிறார்.

தூளி கட்டிய கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். உத்தரத்தில் வளையம் மாட்டி, அம்மாவின் சுங்குடிச் சேலையைப் போட்டு, நடுவில் கட்டை கொடுத்துக் கட்டினார். கட்டிவிட்டுப் பாப்பாவைப் போட விடவில்லை. 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி அதில் வைத்தார். ஆட்டினார். மூட்டை ஒரு பகல் முழுக்கத் தூளியில் கிடந்து தூங்கியது. அன்றைக்கென்று வந்த என் கணவர் (ஓசூரில் வேலை, சனிக்கிழமை பஸ் ஏறி வந்து ஞாயிறு ராத்திரி திரும்புவார், அந்த ஒரு நாள் முழுக்கத் துணி அலசுவார், அவரையும் வாழ்த்தித்தான் ஆக வேண்டும்) வாசலில் நின்று, “மாமா, மூட்டைக்குப் பால் குடுத்தாச்சா?” என்று கேட்டார். சாயங்காலம் மூட்டையை இறக்கிவிட்டு மூன்று கிலோப் பெண்ணைப் போட்டோம். சேலையின் நீலம் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்தாள், ஒருக்களித்தாள், தூங்கிவிட்டாள்.

குளிப்பாட்ட ஓர் ஆயா வருவார். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பாப்பாவைக் கிடத்தி, இளஞ்சூட்டு நீரைக் கையால் மொண்டு மொண்டு ஊற்றுவதைப் பார்க்க வேண்டும். மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “அப்ப உங்களயெல்லாம் எப்பிடி வளத்தாக?” என்று முணுமுணுத்தாலும் கேட்டுக்கொண்டார். சாம்பிராணிப் புகை பாப்பாவுக்கு இல்லை, என் தலைக்கு மட்டும் என்று ஒப்பந்தம். ஈரத்தலையோடு நான் மூங்கில் கூடையில் சாய்ந்து புகை வாங்க, அடுத்த அறையில் அவள் தூங்க, அடுப்பில் பூண்டுக் குழம்பு கொதிக்க... வாழ்க்கையில் இப்படி ஒரு மத்தியானம் வாய்த்தவள் வேறு என்ன வரம் கேட்பாள்?

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் ஜம்புகேஸ்வரர் கோயில் கோபுரம் தெரியும். அங்கே உச்சிக்காலத்தில் அர்ச்சகர் சேலை உடுத்திக்கொண்டு, அகிலாண்டேஸ்வரியே வந்து பூஜை செய்வதாகப் பாவித்து, சுவாமிக்குப் பூஜை செய்வார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கிரீடமும் சேலையுமாக அவர் மேளத்தோடு நடந்து வரும்போது ஒருவரும் சிரிப்பதில்லை, அம்மனே வருகிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆறாவது வாரத் தடுப்பூசி போட்ட அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். எந்தப் பஸ்ஸும் எடுபடவில்லை, தூளியும் வேண்டாம் என்றாள். அப்பா தூளியிலிருந்து அம்மாவின் சேலையை அவிழ்த்தார். தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, முந்தானையில் அவளைப் பொதிந்து நடந்தார். நரைத்த மீசை, கைலி, அதன்மேல் நீலச் சுங்குடி. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோபுரத்துப் பக்கமிருந்து உச்சிக்கால மேளம் கேட்டது. சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

பாப்பாவுக்கு அந்த அம்மன் பெயரைத்தான் வைத்தோம். ஆனால் வேண்டுதல் இருந்தது மலைக்கோட்டைத் தாயுமானவரிடம்.

தாயுமானவர் கதை திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. ரத்னாவதி என்ற செட்டிப்பெண் நிறைமாதம். பூம்புகாரிலிருந்து வர வேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். இவள் வலியில் கூப்பிட, சிவன் அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். பிள்ளையைக் குளிப்பாட்டினார், பத்தியம் போட்டார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்து நின்றபோது வீட்டில் இரண்டு தாய். ஒருத்தி மறைந்தாள். எத்தனையோ தெய்வங்கள் எத்தனையோ அசுரர்களைக் கொன்றிருக்கலாம். எனக்கு, பீத்துணி அலசிய இந்தத் தெய்வம்தான் பெரிசு.

சித்திரைத் திருவிழாவில் இந்தக் கதையைச் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்று நடத்திக் காட்டுவார்கள். பிரசவ மருந்து பிரசாதமாகக் கொடுப்பார்கள். போன சித்திரையில் எனக்கு மூன்று மாதம். கூட்டத்தில் நின்று அந்த மருந்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, நல்லபடி பிறந்தால் வாழைத்தார் கொண்டுவருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு ஆள் இல்லை, நீதான் வர வேண்டும் என்றும் சொன்னேன். அப்பா மேலே வரவில்லை. அம்மா போனதிலிருந்து அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் வருவதில்லை. செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நின்றுவிடுவார். அன்றைக்கும் கீழே மாணிக்க விநாயகர் சந்நிதிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

இந்த வருஷம் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு காலையில் போனோம். பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்து நான்கு நாள். அடிவாரத்தில் ஒரு பூவன் தாருக்கு நான் விலை பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர், “பெரியவரு நேத்தே வந்து ஒண்ணு சொல்லி, காசும் குடுத்துட்டுப் போயிட்டாரே” என்றார். திரும்பினேன். அப்பா மாணிக்க விநாயகரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்பப்பா வேண்டிக்கிட்டீங்க?”

“செருப்பு பாத்துக்கிட்டு நின்னப்பதான்” என்றார். “சும்மா நிக்கறதுக்கு...”

இரண்டு தாரையும் அவரே சுமந்தார், தோளுக்கு ஒன்றாக. உச்சிப் பிள்ளையார் வரை நானூற்றுச் சொச்சம் படி. தாயுமானவர் நடுவழியில் இருக்கிறார் என்றாலும் அறுபது வயதுக்கு மேல் அந்தச் சுமையோடு ஏறுவது லேசில்லை. ஒன்றையாவது ஆளிடம் கொடுக்கலாம் என்றேன். “லக்கேஜ் நம்ம பொறுப்பு” என்று மூச்சு வாங்க ஏறினார். படிக்குப் படி நின்று பாப்பா பின்னால் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டார். சந்நிதி வாசலில் செருப்பைப் பற்றிய பேச்சே எழவில்லை. உள்ளே வந்தார். தாரை இறக்கி வைத்துவிட்டு, கைகூப்பவும் தோன்றாமல், வெறுமனே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே வேலை பார்த்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்ப்பது போல.

பிரசாதமாகத் திரும்பி வந்த பழத்தில் ஒன்றை உரித்து, விரல் நுனியில் மசித்து, பாப்பாவின் உதட்டில் வைத்தேன். செவிலியர் சொன்ன ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டது. இனி மசித்த பழம் தரலாம். முகத்தைச் சுளித்தாள். துப்பினாள். யோசித்தாள். பிறகு என் விரலையே பிடித்து இழுத்தாள். நோட்டு வீட்டில் இருந்ததால் அப்பா பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்: ‘9.50, பூவன், தாயுமானவர் உபயம்.’

நன்றி சொல்ல ஆரம்பித்தால் பட்டியல் நீள்கிறது. முட்டிவலியோடு பத்து நாள் வந்து தங்கிய அத்தை; வேளாங்கண்ணி எண்ணெய் கொண்டுவந்து பாப்பா காலில் தடவி ஜெபித்த எதிர்வீட்டு அக்கா; நத்தர்வலி தர்காவில் ஓதிய கயிற்றைக் கொண்டுவந்து தூளியில் கட்டிவிட்டுப் போன என் பள்ளிக்கூடத்துத் தோழி. அரசு ஊழியருக்கான பிரசவ விடுப்பை 2021-இல் 12 மாதமாக உயர்த்தினார்களே, அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட கைகள் நன்றாக இருக்கட்டும். 2015-இலிருந்து பேருந்து நிலையங்களில் தாய்மார் பால் கொடுக்க அறை கட்டி வைத்தவர்களும் நன்றாக இருக்கட்டும். அன்று மலையிலிருந்து இறங்கிச் சத்திரம் வந்ததும் பசி என்று வீறிட்டவளை அங்கே உட்கார்ந்துதான் அமர்த்தினேன்.

அப்புறம் டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணமில்லை, பாப்பாவும் நானும் ராஜமரியாதையோடு முன்னால் உட்கார்ந்தோம். வயிறு நிறைந்த தெம்பில் அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற உத்தேசமே இல்லாமல் ஊரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அப்பா பின்னால் கம்பியைப் பிடித்து நின்றார், உட்கார இடம் இருந்தும். இளவயது கண்டக்டர் ஒருவர் விசில் கொடுத்துவிட்டுப் படியோரம் வந்து குரல் கொடுத்தார்.

“சிந்தாமணி... மாம்பழச்சாலை... திருவானைக்கோவில்...”

பாப்பா கத்துவதை நிறுத்தினாள். தலையைத் திருப்பினாள். காவிரிப் பாலத்தில் வண்டி ஏறும்போது ஒரு கொட்டாவி விட்டாள். பாலம் இறங்குவதற்குள் என் தோளில் தூங்கிவிட்டாள்.